சிவப்புப் பூவை ஏற்காதவனுக்கு

மாப்ளே,

போன வாரம் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாடாலூரில் ஒருவன் ஏறினான். முப்பத்தைந்து வயது இருக்கலாம். படியில் கால் வைத்ததுமே கண்டக்டர் முகத்தைச் சுளித்து, "பட்டப்பகல்லயேவாய்யா? பின்னாடி போ, பின்னாடி போ" என்று விரட்டினார். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர்களுக்கெல்லாம் பிராந்தி வாசனை மட்டும்தான் எட்டியது. எனக்கு அதற்கு அடியில் இருந்த இன்னொன்றும் எட்டியது. தைலம். மேலே மேலே தேய்த்து, சட்டையிலும் வியர்வையிலும் ஊறிப்போன தைலம். அந்த இரண்டும் கலந்து வருகிற வாசனையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நானே பல வருசம் அந்த வாசனையோடு திரிந்தவன்தானே!

என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. உட்காரச் சொன்னேன். "வேணாண்ணே, உக்காந்தா எந்திரிக்க முடியாது" என்றான். ஒரு கை மேல் கம்பியில், ஒரு கை இடுப்பில். பஸ் குலுங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான். கூட்டம் அவனைக் குடிகாரன் என்று பார்த்தது. நான் அவனைப் பார்த்து, உன்னை நினைத்துக்கொண்டேன். பெரம்பலூரில் இறங்குவதற்குள் அவனிடம் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கட்டடம் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்டானா, இந்தக் கிழவனிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ஆட்டினானா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலவே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பழக்கமானதே ஒரு குவாட்டரைப் பங்கு போட்டுத்தான். அரியலூரில் பிராந்திக் கடை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். முழு குவாட்டர் வாங்கத் தெம்பில்லாதவன் இன்னொரு பாதிக்கு ஆள் தேடி நிற்பது அங்கே தினமும் நடப்பதுதான். சாதி கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். நீ வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி, "கட்டிங்கா?" என்றாய். நான் தலையசைத்தேன். அவ்வளவுதான் நம் நிச்சயதார்த்தம். என் கல்யாணத்துக்குக்கூட மூன்று வீடு பார்த்தார்கள்.

நீ பஞ்சர் கடை வைத்திருந்தாய். நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேன். குவாரியிலிருந்து சிமெண்டு ஆலைக்கு, ஆலையிலிருந்து குவாரிக்கு. அந்தப் பாதையை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். அதிலே ஒரு நாள் வண்டி பஞ்சராகி, கிளீனர் வராத நாளாகப் பார்த்து, தனியாகவே ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டேன். இடுப்பில் சுருக்கென்றது. அன்றைக்குப் பிடித்த சனி. சுளுக்கு எடுத்தேன், செங்கல் ஒத்தடம் கொடுத்தேன், தைலம் தேய்த்தேன், கம்பவுண்டரிடம் ஊசி போட்டேன். இடுப்பில் ஆரம்பித்தது பின்தொடை வழியாகக் கால் பெருவிரல் வரைக்கும் இறங்கியது. முதலாளியிடம் சொன்னால், "ஒரு மாசம் ரெஸ்ட் எடுய்யா, வேற டிரைவரப் போட்டுக்கறேன்" என்று நல்ல மனசோடு சொல்வார். அந்த நல்ல மனசுக்குப் பயந்தே நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் ஒரு கட்டிங் போட்டால் இடுப்பு மரத்துப்போகும். வீட்டுக்குப் போய் மகனைத் தோளில் தூக்கலாம். முதலில் அவ்வளவுதான் இருந்தது. பிறகு ஒரு கட்டிங் போதவில்லை. பிறகு காலையில் வண்டியில் ஏறுவதற்கே ஒன்று தேவைப்பட்டது. பிறகு எதற்குக் குடிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. வலிக்குக் குடித்தேனா, குடித்ததற்காக வருத்தப்பட்டு அந்த வருத்தத்துக்குக் குடித்தேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு நாள் கடைப் பின்பக்கம், புளியமரத்தடியில், கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டா மாப்ள அப்படிப் பாக்கறே?"

"இல்ல, ஊர்ல எல்லாரும் குடிச்சாத் தள்ளாடுவாங்க. நீ ஒருத்தன் தான் குடிச்சா நேரா நிக்கறே."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "குடிக்க வர்றப்ப கூனிக்கிட்டு வர்றே. குடிச்சிட்டு நிமிந்து போறே. உனக்குப் போதை ஏறலடா, வலி எறங்குது" என்றாய். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். அந்தப் பேச்சு போகவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அதன் அருமை தெரியவில்லை. தத்துவம் பேசாமல் ஊத்து என்றேன்.

தனத்துக்கு உன்னைக் கண்டாலே ஆகாது. என் பெண்டாட்டி பார்வையில் நான் தங்கக் கம்பி, நீதான் என்னை வளைத்தவன். தெருவில் உன் டிவிஎஸ் சத்தம் கேட்டால், "வந்துட்டான் பஞ்சரு. குடும்பத்தையே பஞ்சராக்கிட்டுத் தான் போவான்" என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள். உனக்கும் கேட்கும். "தங்கச்சி சரியாத்தான் சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவாய்.

ஒரு தீபாவளிக்கு நான் விழுந்து கிடந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, அவள் மகனைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். பொங்கலுக்குத் திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலில் கயிறு கட்ட வேண்டும். ஒரு வருசத்துக்கு வாயில் போதை படக்கூடாது. பட்டால் அம்மா என்ன செய்வாள் என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. தனத்தின் கை மகன் தலைமேல் இருந்தது. அதற்கு மேல் சொல்லவும் வேண்டாம்.

கட்டிக்கொண்டேன். நீ கோயிலுக்கு வெளியே தேங்காய்க் கடைப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தாய். அந்த வருசம்தான் அரியலூரைத் தனி மாவட்டமாக்கியிருந்தார்கள். அடுத்த நாள் வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வந்தபோது என் கையைப் பிடித்துக் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஊரு மாவட்டமாயிருக்கு, நீ நல்லவனாயிருக்கே. எது முதல்ல அவுறுதுன்னு பாப்போம்" என்றாய். அடுத்த வருசமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள்; மாவட்டம்தான் முதலில் அவிழ்ந்தது.

இனிமேல் சொல்லப்போவதை நான் தனத்திடம் சொல்லவே வெகுநாள் ஆனது. கயிறு கட்டிய பிறகுதான் நான் கெட்டுப்போனேன்.

ஊர் முழுக்க மெச்சியது. "மொகமே தெளிஞ்சிருச்சுப்பா" என்றார்கள். தனம் மாவிளக்குப் போட்டாள். என் மாமியார், வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குக் கறிக்குழம்பில் ஈரல் எடுத்து வைத்தார். எனக்கோ எதுவும் ருசிக்கவில்லை. இத்தனை வருசம் மரத்துக் கிடந்த இடுப்பு மொத்தமாக விழித்துக்கொண்டது. படுத்தால் தூக்கம் இல்லை. எழுந்தால் ஏன் எழுந்தோம் என்றிருந்தது. மகன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்து காட்டினான். நல்லா இருக்குப்பா என்று சொன்னேன். உள்ளுக்குள் ஒன்றுமே அசையவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்தும் அசையாத நெஞ்சு எதற்கு என்று நினைத்தேன்.

இதை யாரிடம் சொல்வது? குடியை விட்டதால் நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், மறுபடி குடிக்கச் சாக்குத் தேடுகிறான் என்பார்கள். நானே வேறொருவன் சொல்லிக் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எங்கள் ஆட்களுக்குக் குடி ஒன்றுதான் வியாதி. அது போனால் ஆள் நல்லாகிவிட்டான், கதை முடிந்தது, பொங்கல் வைக்கலாம்.

பங்குனி வெயில் நாள் ஒன்றில் லோடு இறக்கிவிட்டு வரும்போது, வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய குவாரிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். உனக்குத் தெரியும் அந்தக் குழி. பச்சைத் தண்ணீர் தேங்கி, ஆடுகூட இறங்காத குழி. வண்டியை நிறுத்திவிட்டு விளிம்பில் உட்கார்ந்தேன். என்ன நினைத்துப் போனேன் என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை.

பின்னால் டிவிஎஸ் சத்தம் கேட்டது.

நீ ஓடி வரவில்லை, கத்தவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, என் லாரியைச் சுற்றி வந்தாய். பின் டயரை ஒரு உதை விட்டாய். பிறகு வந்து என் பக்கத்தில், சட்டைக் காலருக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாய்.

"பின் டயர்ல காத்தே இல்ல. ஒரு வாரமா என் கடைய இப்படியே தாண்டிப் போறே."

நான் ஒரு கல்லை எடுத்துக் குழிக்குள் போட்டேன்.

"பெத்த புள்ளைக்குச் சட்டை எடுக்காட்டியும் டயருக்குக் காத்துப் பிடிக்கற ஆளு நீ. டயர விட்டுட்டா, நீ எல்லாத்தையும் விட்டுட்டேன்னு அர்த்தம். அதான் கடைய அப்படியே போட்டுட்டு வந்தேன்."

பிறகு என்னிடம் கேட்டாய்: "எங்கடா வலிக்குது?"

மாப்ளே, அதுவரை எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். குடிச்சியா, எவ்வளவு குடிச்சே, யாரோட குடிச்சே, ஏன்டா குடிச்சே. எங்கே வலிக்கிறது என்று ஒருத்தர் கேட்டதில்லை. முதுகுல என்றேன். "அப்புறம்?" என்றாய். கால்ல என்றேன். "அப்புறம்?" என்றாய். அந்த மூன்றாவதுக்கு எனக்கு அழுகைதான் வந்தது. கல் லாரி ஓட்டுகிறவன் நட்ட நடு மத்தியானத்தில் வாய்விட்டு அழுதேன். நீ என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அழுது முடிகிற வரைக்கும் விடவில்லை.

மறுநாள் திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். பெல்ட்டும் உடற்பயிற்சியும் எழுதினார். போகும்போது, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்டார். என் பதிலைக் கேட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குச் சீட்டு எழுதினார். வாசலில் மனநலப் பிரிவு என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் நான் திரும்பி நடந்தேன். எனக்கு என்ன பைத்தியமா?

நீ என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தாய். "எலும்பு டாக்டரும் மனசு டாக்டரும் பக்கத்துப் பக்கத்து ரூம்ல தான் உக்காந்திருக்காங்க. நடுவுல ஒத்தச் செங்கல் சுவரு. உள்ள போடா" என்றாய்.

உள்ளே ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். அவசரமே இல்லாமல் கேட்டார்கள். "காலையில கண்ணு முழிச்சதும், ஏன்தான் விடிஞ்சுதோன்னு தோணுதாங்க?" என்னை உள்ளிருந்து பார்த்தது போலிருந்தது. எல்லாம் கேட்ட பிறகு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்கள். "வலி தூக்கத்தக் கெடுக்குது. தூக்கம் கெட்டா மனசு கெடுது. மனசு கெட்டா அதே வலி ரெண்டு மடங்காத் தெரியுது. இது மேல குடிய ஒரு போர்வையாப் போத்திக்கிட்டீங்க. போர்வையும் உள்ள நோய வளக்கத்தான் செஞ்சிருக்கு. இப்ப போர்வைய உருவியாச்சு, நல்லது. ஆனா உள்ள இருக்கறதுக்கு வைத்தியம் பண்ணணும்ல?" மாத்திரை கொடுத்தார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது, என்ன தோன்றினாலும் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். வெளியே உட்கார்ந்திருந்த உன்னைக் கூப்பிட்டு, இவரைத் தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னார்கள். நீ ஸ்கூல் பையன் மாதிரி, "சரிங்க மேடம்" என்றாய்.

இங்கேதான் நம் ஊர் தன் வேலையைக் காட்டியது. மாத்திரைச் சேதி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. "அதெல்லாம் போதை மாத்திரைப்பா. அத முழுங்கிட்டுத் தான் ஆளுங்க சொக்கிப்போய்க் கெடக்கறாங்க" என்று ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தனத்துக்கு முகம் வெளுத்துப்போனது. கையில் கயிறு இருக்கிறது. வாயில் போதை படாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. மகன் தலைமேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறது. அவள் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. எனக்கே அந்தப் பயம் இருந்தது. நான் செத்தாலும் சாகலாம், பிள்ளைக்கு ஒன்று ஆகக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன்.

சேதி தெரிந்து நீ வீட்டுக்கு வந்தாய். முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தாய். சாமியாவது பூதமாவது என்று நீ கத்துவாய் என்றுதான் எதிர்பார்த்தேன். நீ தனத்திடம் கைகட்டி நின்று, "தங்கச்சி, நீ பயப்படறது நியாயம்தான். அம்மா கிட்டக் கட்டுன கயிறு. அம்மாவையே கேட்டுருவோம். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாப்போம்" என்றாய்.

சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. நீ குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தாய். முதல் நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூட நீ தொடவில்லை என்று உன் கை சொன்னது. செவ்வரளிப் பூ ஒன்று, வெள்ளை நந்தியாவட்டைப் பூ ஒன்று. அந்த இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றுவதற்குள் உன் விரல்கள் ஆடிய ஆட்டம் என் கண்ணிலேயே நிற்கிறது. நான் கட்டித் தருகிறேன் என்றேன். "கேக்கறவன் தான் கட்டணும்" என்றாய்.

வெள்ளை வந்தால் மாத்திரை போடலாம். சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையிடம் தட்டை நீட்டினார்கள். அது ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

தனம் ஒரு சத்தம் போட்டாள். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சரி, முடிந்தது, அவ்வளவுதான் என்றிருந்தது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. அந்தக் குழியின் விளிம்பில் இருந்த அதே நிம்மதி.

"சாமி, இன்னொரு தடவ வைங்க" என்றாய்.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவ கேட்டாச்சுல்ல? அம்மா சொல்லிட்டா. அவ்வளவுதான்."

"அம்மா மேல தப்பே இல்லிங்க. கேட்ட நான் தப்பு. பெரம்பலூர் போறவன் பாடாலூர்னு டிக்கெட் கேட்டா, கண்டக்டரு பாடாலூருக்குத் தான குடுப்பாரு? போதை மாத்திரை போடலாமான்னு கேட்டா எந்தத் தாய் சரின்னு சொல்லுவா? கேள்விய மாத்திக் கேக்கறேன். குடுங்க சாமி."

பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. யாரோ "குடிகாரப் பய" என்றது உனக்கும் கேட்டது. நீ திரும்பவில்லை. ஆடுகிற கையோடு புதிதாக இரண்டு பூ எடுத்து மடித்தாய். பிறகு சன்னதியைப் பார்த்து, கடன்காரனிடம் பேசுவது போல இல்லாமல், கூடப்பிறந்தவளிடம் பேசுவது போலச் சத்தமாகக் கேட்டாய்.

"ஆத்தா, இவன் குடிக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு. இவனுக்கு ஒடம்புலயும் மனசுலயும் வலி. வைத்தியம் பண்ணி இவன் உசுரோட இருக்கட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

பூசாரி தட்டை வாங்கினார். அதே குழந்தை. இந்தத் தடவை பொட்டலத்தை எடுத்ததும் நேராக வாய்க்குக் கொண்டுபோனது. அதன் அம்மா பிடுங்கி பூசாரியிடம் கொடுத்தாள். பிரித்தார். வெள்ளை.

நீ சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாய். தனம் சன்னதியைக் கும்பிட்டாள். பிறகு அதே கும்பிட்ட கையோடு உன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வூட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தான் போவணும்" என்றாள். பஞ்சர் என்கிற பெயர் அன்றோடு போனது.

மறுபடியும் சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "மூணாவது தடவ கேட்டிருப்பேன். அம்மா கிட்ட அரளி தீருதா, எனக்கு வாய் தீருதான்னு பாத்திருப்பேன்" என்றாய்.

நல்லாவது என்பது சினிமாவில் மாதிரி ஒரே பாட்டுக்குள் நடந்துவிடவில்லை. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆனது. உடற்பயிற்சியை நான் ஏமாற்றுவேன் என்று உன் கடையில் பழைய டயரைப் போட்டு அதன்மேல் என்னைப் படுக்கவைத்துச் செய்யச் சொல்வாய். இப்படிப் பண்ணச் சொல்லவில்லையே என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, தரையில் பாய் விரித்துச் செய்யச் சொன்னார்கள். லாரியை விட்டேன். எடைமேடையில் வேலை கிடைத்தது. உட்காரலாம், நிற்கலாம், கொஞ்சம் நடக்கலாம். ஒரு நாள் மகன் எதற்கோ சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான், அட, சிரிக்கிறோமே என்று கண்டுகொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் கடைக்கு வந்து இதைச் சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு டியூபைத் தண்ணீரில் முக்கினாய்.

உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு. நீ நிறுத்தவில்லை. நான் எத்தனை தடவை கேட்டேன், உனக்கு எங்கே வலிக்கிறது என்று! "எனக்கு வலியெல்லாம் இல்லடா, நான் சந்தோசத்துக்குக் குடிக்கறேன். அந்தச் சந்தோசந்தான் இன்னும் வந்து சேரல" என்று சிரித்து மழுப்புவாய். அரசாங்கமே பிராந்திக் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, "இப்ப நானும் ஒரு கவர்மெண்டு ஆளு" என்றாய். டாக்டரம்மாவிடம் உன்னையும் ஒரு தடவை கூட்டிப்போனேன். அவர்களையும் சிரிக்கவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாய். ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிறவனுக்குத் தன் ஓட்டையைக் காட்ட வெட்கம்.

கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அதே பெரியாஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது தனமும் நானும் மாறி மாறி உன்னோடு இருந்தோம். ஒரு மத்தியானம் தனம் கஞ்சி ஊட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். நான் கேட்காமலே நீ சொன்னாய். "மாப்ள, வலிக்குதுடா."

"எங்க?"

செத்துப்போன உன் பெண்டாட்டி பெயரைச் சொன்னாய். அத்தனை வருசத்தில் அந்தப் பெயரை உன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. காய்ச்சலில் அவள் போனது, வயிற்றில் இருந்த குழந்தையோடு போனது, நீ வண்டி தேடி அலைந்தது, எல்லாம் சொன்னாய். சாயங்காலம் வரைக்கும் சொன்னாய். நான் உன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்ததும், "லேசா இருக்குடா. முன்னாடியே சொல்லியிருக்கலாம் போல" என்றாய். ஆமாம்டா. சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியிலாவது சொன்னாய், அதுவும் என்னிடம் சொன்னாய். அந்தப் பாக்கியத்துக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

நீ போய்ச் சேர்ந்து சில மாதத்தில் அரியலூரை மறுபடி மாவட்டமாக்கினார்கள். பட்டாசு வெடித்தார்கள். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய் என்று நானும் தனமும் ஒரே நேரத்தில் சொன்னோம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

எனக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. கயிறு எப்போதோ நைந்து விழுந்துவிட்டது, மறுபடி கட்டவில்லை, குடிக்கவும் இல்லை. நீ பொறுப்பு ஏற்றுக்கொண்ட வாக்கு, அதை நான் எப்படி உடைப்பேன்? மனசுக்கான மாத்திரையை டாக்டரம்மாவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். நடுவில் ஒரு தடவை அந்த இருட்டு திரும்பி வந்தது. நானாகவே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். முதுகு மட்டும் முழுசாகச் சரியாகவில்லை, இனி ஆகவும் ஆகாது. மழைக்காலத்தில் அது தன் இருப்பைக் காட்டும்.

தனம் தினமும் காலையில் காப்பியைக் கையில் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் காலத்தில் அவள் என்னை முகர்ந்து பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பாள். இப்போது முகர்வதில்லை. நீ கேட்டதைத்தான் கேட்கிறாள். இன்று காலையும் கேட்டாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது."

"எங்க?"

கொஞ்சம் யோசித்து, உள்ளேயும் ஒரு தடவை பார்த்துவிட்டு, உண்மையைச் சொன்னேன்.

"இன்னைக்கு முதுகுல மட்டுந்தான்."